பத்தரை அடி இறக்கிய மோட்டார்

வைகாசி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி 17 நிமிடங்களில் நிரம்பி வழிந்தது. அதற்கு முந்தைய ஏழு வாரங்களில் அதே 1,000 லிட்டர் தொட்டி ஒருநாள்கூட ஒரே மூச்சில் நிரம்பியதில்லை. வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். இந்த ஏழு வாரங்களில் செய்தவற்றை, தவறாகச் செய்தவற்றையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன். கோடையில் கிணற்று மோட்டார் தண்ணீர் ஏற்ற மறுக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நான்கு இருக்கின்றன.

எங்கள் ஊர் கரூருக்குக் கிழக்கே, காவிரியின் தென்கரையை ஒட்டியது. மணற்பாங்கான மண் என்பதால் வீட்டுக்கு வீடு உறைக்கிணறுதான். எங்கள் கிணறு 4 அடி விட்டமும் தரைமட்டத்திலிருந்து 34 அடி ஆழமும் கொண்டது. மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக அமைந்த ஒரு எச்பி மோனோபிளாக் மோட்டார் கிணற்றை ஒட்டிய சிமெண்ட் மேடைமீது இருந்தது; அதன் அச்சு தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. கிணற்றுக்குள் போகும் சக்ஷன் குழாய் ஒன்றேகால் அங்குலம், மாடிக்கு ஏறும் டெலிவரி குழாய் ஒரு அங்குலம். குழாயில் ஏறிய நீரைத் திரும்பக் கிணற்றுக்குள் விடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு, அதன் அடிமுனையில், தரையிலிருந்து 31 அடி ஆழத்தில் தொங்கியது. மார்கழியில் இதே அமைப்பு தொட்டியைப் பதினாறு நிமிடங்களில் நிரப்பிக்கொண்டிருந்தது.

பங்குனிக் கடைசியில் தொல்லை தொடங்கியது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி பிரைமிங் செய்து, அதாவது சக்ஷன் குழாயிலும் பம்ப்பிலும் உள்ள காற்று போக நீரை நிரப்பி, மோட்டாரைப் போட்டால், முதல் சில நிமிடங்களுக்குத் தண்ணீர் சுமாராக வரும். பிறகு விரல் தடிமனாக மெலிந்து, காற்றும் நீருமாகக் கக்கி, கடைசியில் நின்றுபோகும். அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடியும் பிரைமிங் செய்ய வேண்டும்.

முதலில் மோட்டாருக்கு வலுவில்லை என்று நினைத்து கெப்பாசிட்டரை மாற்றினேன். 180 ரூபாய் செலவு. எந்த மாற்றமும் இல்லை. மோட்டார் தயங்காமல் சுழன்றுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தும் இதைச் செய்தேன் என்பதால், இந்தச் செலவு முழுவதும் வீண்.

அடுத்து ஃபுட் வால்வு. அதைச் சோதிக்க எல்லோரும் அறிந்த வழி ஒன்று உண்டு: பிரைமிங் வாய் விளிம்புவரை தண்ணீரை நிரப்பிவிட்டு, பத்து நிமிடங்கள் கழித்து வந்து பார்க்க வேண்டும். நீர்மட்டம் இறங்கியிருந்தால் கீழே ஒழுகுகிறது என்று பொருள். எங்களுடையது மூன்றே நிமிடங்களில் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. பிளம்பர் அண்ணனை வரச்சொல்லி, இருவருமாகக் குழாயை மேலே இழுத்தோம். வால்வின் ரப்பர் வாஷர் ஓரத்தில் கிழிந்து, கிழிசலில் ஒரு மணல் துணுக்கு சிக்கியிருந்தது. பித்தளையில் புதிய ஃபுட் வால்வு 520 ரூபாய். மாற்றிய பிறகு, இரவு ஊற்றிய தண்ணீர் காலையிலும் பிரைமிங் வாயில் அப்படியே நின்றது. குழாயில் எங்கும் ஒழுகல் இல்லை என்று அப்போது உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படிப் பிழையாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். தண்ணீர் நின்றதே தவிர, மோட்டாரைப் போட்டால் பழைய கதைதான் தொடர்ந்தது.

மோட்டார் கடையில் விவரம் சொன்னபோது, "இழுவை பத்தல சார், ஒன்றரை எச்பி போட்டுடுங்க" என்றார்கள். வாங்கிவிடும் எண்ணத்தோடுதான் வீடு திரும்பினேன். அன்று மாலை மறுபடியும் பிரைமிங் செய்தபோது, வாளிக்குள் அமிழ்ந்து கிடந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்ந்த நிலையிலேயே மேலே தூக்கினேன். டம்ளருக்குள் இருந்த தண்ணீரும் கூடவே, வாளியின் நீர்மட்டத்தைவிட நான்கு விரற்கடை உயரமாக எழும்பி நின்றது. டம்ளரின் விளிம்பு நீரைவிட்டு விலகிய கணத்தில் 'களக்' என்று மொத்தமும் கொட்டியது. ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். ஆனால் அன்று கை அங்கேயே நின்றுவிட்டது. டம்ளரின் அடிப்பாகம் அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கவில்லை. வாளியில் திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பின்மேல் காற்று அழுத்துகிறது; அந்த அழுத்தம்தான் டம்ளருக்குள் தண்ணீரைத் தூக்கி நிறுத்துகிறது. கிணற்றிலும் நடப்பது இதுவேதான். மோட்டார் செய்வதெல்லாம் குழாயின் மேல்முனையில் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருவது கிணற்று நீரின்மேல் படுத்திருக்கும் காற்று.

காற்றின் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. உறிஞ்சு குழாய்களில் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குமேல் ஏறுவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். அவருக்குப் பின் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1643இல் தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தை வைத்து அதே எல்லையை 76 சென்டிமீட்டராகச் சுருக்கிக் காட்டினார். நாம் காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம் என்று மறு ஆண்டு ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த 76 சென்டிமீட்டர் பாதரசம், கடல் மட்டத்தில் தண்ணீருக்கு 10.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34 அடி. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அரை அடியைக் கழித்து 33½ அடி என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றரை எச்பி போட்டாலும் பத்து எச்பி போட்டாலும் காற்றின் அழுத்தம் ஓர் இம்மிகூடக் கூடாது. பெரிய மோட்டார் வாங்கும் யோசனையை அந்த இரவே கைவிட்டேன்.

ஊகத்தில் அலைவதை நிறுத்த, குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஒரு வாக்குவம் கேஜ் வாங்கினேன். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பொருள்கள் விற்கும் கடையில், பாதரச அங்குலத்தில் 0 முதல் 30 வரை குறியிட்ட கேஜ் 650 ரூபாய்க்குக் கிடைத்தது. சக்ஷன் பக்கத்தில், பம்ப்பின் அச்சு மட்டத்திலேயே டீ எனப்படும் மூன்று வாய் இணைப்பு ஒன்றை வைத்து அதில் பொருத்தினேன். டீயும் நிப்பிளும் 120 ரூபாய். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனமானது. ஆகவே கேஜில் ஓர் அங்குலம் என்றால் தண்ணீரில் 13.6 அங்குலம், சுமார் 1.13 அடி. முள் காட்டும் எண்ணை 1.13ஆல் பெருக்கினால், காற்று அந்தக் கணத்தில் எத்தனை அடி உயரத்துக்கான வேலையைச் செய்கிறது என்பது கையில் வந்துவிடும். கயிற்றின் நுனியில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துக் கட்டி, அது நீரைத் தொடும் 'டொப்' ஓசையைக் கேட்டு நீர்மட்டத்தை அளந்தேன். அன்று காலை அது தரையிலிருந்து 22 அடி. மேடையின் ஒன்றரை அடியையும் சேர்த்தால் ஏற்றம் 23½ அடி. கேஜ் குறைந்தது 21 அங்குலமாவது காட்டியாக வேண்டும்.

காட்டியது 12 அங்குலம். முள்ளும் ஓரிடத்தில் நில்லாமல் 9க்கும் 13க்கும் இடையே ஆடியது. எங்கோ காற்று உள்ளே நுழைகிறது.

இந்த இடத்தில்தான் ஃபுட் வால்வுச் சோதனை என்னை ஏமாற்றியது புரிந்தது. மோட்டார் நிற்கும்போது பிரைமிங் வாயில் தண்ணீர் நிரம்பியிருந்தால், குழாயின் அடியில் அழுத்தம் அதிகம், உச்சியில் மிகக் குறைவு. பம்ப்பை ஒட்டிய யூனியன், அதாவது குழாயைக் கழற்றி மாட்டும் மரை இணைப்பு, உச்சியில் இருப்பதால் அதன்மேல் அரை அடித் தண்ணீர்கூட நிற்பதில்லை. அங்கே ஒரு மயிரிழைச் சந்து இருந்தாலும் நீர் சொட்டாது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. உறிஞ்சல் மிகக் கடுமையாக இருப்பது அதே உச்சியில்தான். போதாததற்கு, தண்ணீரைவிடக் காற்று பல மடங்கு இளகிப் பாயக்கூடியது. நீர் கசியாத சந்துக்குள் காற்று தாராளமாகப் புகும். நின்றிருக்கும் குழாயில் செய்யும் சோதனை, ஓடும் குழாயைப் பற்றி முழுதாகச் சொல்வதில்லை.

சந்து எங்கே என்று கண்டுபிடிக்கச் சோப்புநீர் உதவவில்லை. அது காற்று வெளியே வரும் இடங்களுக்கானது. பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்து வந்தேன். விடியற்காலை ஐந்தரை மணி, காற்றசைவு இல்லை. மோட்டாரை ஓடவிட்டு, இணைப்பு இணைப்பாக ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடங்களிலும் நூல்போல நேராக மேலெழுந்த புகை, யூனியனின் அடிப்பக்கத்தில் மட்டும் வளைந்து, சுருள் பிரிந்து, இரும்புக்குள்ளேயே போய் மறைந்தது. உறுதிப்படுத்த அந்த இடத்தில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். ஊற்றும் வரைக்கும் முள் 17க்கு ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. யூனியனைக் கழற்றிப் பார்த்தால் மரையில் துரு அரித்து ஒரு வரித்தடம் விழுந்திருந்தது. புதிய யூனியன், நிப்பிள், டெஃப்லான் டேப், சணல் எல்லாம் சேர்த்து 240 ரூபாய்.

மறுநாள் கேஜ் 22 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. பெருக்கிப் பார்த்தால் 24.9 அடி. அதில் 23½ அடி ஏற்றம்; மிச்சமுள்ள 1.4 அடி குழாயிலும் ஃபுட் வால்விலும் தண்ணீர் உராய்ந்து வருவதற்கான செலவு. கணக்கு இவ்வளவு அச்சாக ஒத்துவந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. தண்ணீரும் முன்னைவிட நன்றாக வந்தது. ஆனால் இருபது நிமிடங்களில் கிணற்று மட்டம் ஒன்றரை அடி இறங்கி, முள் 23ஐத் தொட்டபோது, பம்ப்புக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஓர் ஒலி கிளம்பியது. முள் நடுங்கத் தொடங்கியது, தண்ணீர் மெலிந்தது. காற்றுச் சந்து ஒரு பழுதுதான். அதற்கு அடியில் இன்னொரு பழுது ஒளிந்திருந்தது.

அந்த ஒலி என்னவென்று அறிய பம்ப்பைத் திறந்தோம். பம்ப்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான பித்தளை இம்பெல்லரின் நடுவாய்க்கு அருகே, தண்ணீர் நுழையும் பக்கத்தில், ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் அம்மைத் தழும்புபோல நுண்குழிகள் கூட்டமாக இருந்தன. விரலை ஓட்டினால் உப்புத்தாள்போல் சொரசொரத்தது. இதழின் மற்றப் பகுதி வழவழப்பாகவே இருந்தது. மணல் தேய்த்திருந்தால் தண்ணீர் வெளியேறும் விளிம்பில் கோடுகோடாகத் தேய்ந்திருக்கும். இது நீர் கொதித்ததன் அடையாளம். முப்பது டிகிரித் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று பிளம்பர் அண்ணன் கேட்டார். ஊட்டியில் பருப்பு வேக நேரமாகிறதே, அதே காரணம்தான் என்றேன். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் கொதிநிலையும் இறங்கிக்கொண்டே வரும். இம்பெல்லரின் வாயில் அழுத்தம் அடிமட்டத்துக்குப் போகும்போது, கிணற்றின் சாதாரண வெப்பத்திலேயே நீர் ஆவிக் குமிழிகளாகிறது. அந்தக் குமிழிகள் சற்றுத் தள்ளி அழுத்தம் உயரும் இடத்தில் நசுங்கும்போது இதழின்மேல் ஊசி முனையால் குத்துவதுபோலக் குத்துகின்றன. நாம் கேட்ட கூழாங்கல் ஒலி அதுதான். குழிகளின் அளவைப் பார்த்தால் இது இந்த ஒரு கோடையின் வேலை அல்ல. சென்ற இரண்டு மூன்று கோடைகளிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டும் பேரிங் தேய்மானம் என்று விட்டிருக்கிறேன்.

இப்போது கணக்கு தெளிவாயிற்று. காற்று தரக்கூடியது 33½ அடி. முப்பது டிகிரியில் நீர் ஆவியாகாமல் இருக்க அதில் ஏறத்தாழ ஒன்றரை அடியை ஒதுக்க வேண்டும். மீதி 32. முள் 23இல் நிற்கும்போது 26 அடி செலவாகிவிடுகிறது. இம்பெல்லரின் வாயில் தண்ணீர் வேகமெடுத்து நுழைய மிச்சமிருப்பது 6 அடி மட்டுமே; எங்கள் பம்ப்புக்கு அது போதவில்லை. மோட்டாரோடு வந்த தாளில் சக்ஷன் உயரம் 7 மீட்டர், அதாவது 23 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். வாங்கிய நாளில் அதைப் படித்திருந்தால் மேடையையாவது தாழ்வாகக் கட்டியிருப்பேன்.

சக்ஷன் குழாயை ஒன்றரை அங்குலமாக மாற்றலாமா என்று யோசித்தேன். உராய்வில் அதிகமாகப் போனால் ஓர் அடி மிச்சமாகும். பங்குனிக்கு உதவும், சித்திரைக்கு உதவாது. ஜெட் பம்ப்பில், ஏற்றிய நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பி, அங்கிருந்து தள்ளிவிடும் ஏற்பாடு உண்டு. ஆழத்துக்குப் பொருந்தும், ஆனால் கிடைக்கும் நீர் குறையும். கிணற்றுக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுமார் 11,000 ரூபாய் சொன்னார்கள். இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது பேசிக்கொண்டிருந்தேன். "உங்க தாத்தா சித்திரை பொறந்தா மோட்டாரக் கெணத்துக்குள்ள எறக்கிடுவாரு, ஐப்பசிக்கு முன்னாடி ஏத்திடுவாரு, எஞ்சின் காலத்துலேருந்தே அப்படித்தான்" என்றார் அம்மா. அம்மா பிறந்த ஊரில் பாறைக் கிணறுகள். பாதி ஆழத்தில் கல்மேடை விட்டே வெட்டியிருப்பார்கள். மேலே உட்கார்ந்து உறிஞ்சுவதை விட்டுவிட்டு, பம்ப்பே தண்ணீருக்கு அருகில் போய்விட வேண்டும். மேலே தள்ளும் உயரத்துக்குக் காற்றின் எல்லை கிடையாது. அது மோட்டாரின் வலுவைச் சேர்ந்தது. எங்கள் மோட்டாருக்கு அந்த வலு இருந்தது.

உறைகளை உடைத்துக் கம்பி பதிக்க எனக்கு விருப்பமில்லை. சிமெண்ட் உறையில் ஒரு விரிசல் விட்டால் மணல் சரியும். ஆகவே தொங்கும் சட்டம் ஒன்றைச் செய்தோம். ஒன்றரை அங்குல ஆங்கிளில் 26 அங்குல நீளம், 16 அங்குல அகலத்தில் ஒரு தொட்டில், நான்கு மூலையிலும் வளையம், மேலே கைப்பிடிச் சுவரின் குறுக்கே இரண்டங்குல ஜிஐ குழாய் ஒன்று, அதிலிருந்து சங்கிலி. வெல்டிங் கூலி, பெயிண்ட் உட்பட 2,850 ரூபாய். சங்கிலி 960. பம்ப்பின் அச்சு தரையிலிருந்து 9 அடி கீழே நிற்கும்படி திட்டம். முன்பு தரைக்கு மேல் ஒன்றரை அடியில் இருந்ததால், மொத்தத்தில் பத்தரை அடி இறக்கம். சக்ஷன் குழாயை 22 அடிக்கு அறுத்துக்கொண்டோம். டெலிவரிக்கு, பம்ப்பிலிருந்து தரை வரைக்கும் 15 அடி பச்சை ஹோஸும் கிளாம்ப்புகளும் 680 ரூபாய். மூன்று கோர் கேபிள் 840. கிணற்றுக்குள் மின்சாரம் போவதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைக் கட்டாயம் போட்டேன், 1,950. இந்த ஒன்றில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. எர்த் கம்பி மோட்டாரின் உடலோடு சரியாக முடிச்சிட்டிருக்கிறதா என்பதையும் இறக்குவதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். மேலிருந்து சொட்டும் நீர் மோட்டாரில் விழாதிருக்கத் தகரக் கூரை 150 ரூபாய்.

மோட்டார் 18 கிலோ, சட்டம் 11, குழாயும் வால்வும் 5. ஆக 34 கிலோவை நீண்ட வாலோடு இறக்க வேண்டும். வீட்டில் கிடந்த கப்பி ஒன்றைக் குறுக்குக் குழாயில் கட்டிக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தோம். பாரம் அப்படியே கையில் இறங்கியது. நிலைத்து நிற்கும் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர பாரத்தைக் குறைக்காது. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு கப்பியை வாங்கி, அதைச் சட்டத்தின் மேல்வளையத்தில் கோத்து, கயிற்றின் ஒரு நுனியை மேலே கட்டினோம். இப்போது கையில் பாதிப் பாரம்தான். அதற்கு விலையாக, சட்டம் பத்தரை அடி இறங்க 21 அடிக் கயிற்றை விட வேண்டியிருந்தது. என் மகளே ஒரு கையால் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இறக்கம் நிதானமாக நடந்தது. சங்கிலிகளை மாட்டி, கயிற்றை அவிழ்த்து, பிரைமிங் செய்து, சுவிட்சைப் போட்டேன்.

அடுத்த கணத்தில் நடந்ததை நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை. மோட்டார் ஒரு பக்கம் சுழலத் தொடங்கியதும், தொட்டில் எதிர்ப்பக்கமாக உதறித் திரும்பியது. ஒரு மூலை உறையில் 'ணங்' என்று மோதியது. ஹோஸ் பாம்புபோல நிமிர்ந்து, கிளாம்ப்பிலிருந்து கழன்று, கிணற்றுக்குள் நீரை வாரியிறைத்தது. உடனே நிறுத்தினேன். ஆர்சிசிபி விழவில்லை, மோட்டாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் உடல் நடுங்கிவிட்டது. சிமெண்ட் மேடையில் நான்கு போல்ட்டால் இறுக்கியிருந்தவரை, புறப்படும்போது மோட்டார் தரும் எதிர்த் திருகலைத் தரை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தரத்தில் தொங்கவிட்டதும் அதை வாங்க யாரும் இல்லை. வளைந்த ஹோஸுக்குள் அழுத்தம் ஏறும்போது அது நிமிரப் பார்க்கும் என்பதையும் நான் கணக்கில் கொள்ளவில்லை.

சட்டத்தை மறுபடி மேலே ஏற்றி, நான்கு மூலையிலும் அரை அங்குலத் தடிமனுள்ள நீளமான போல்ட்டுகளைப் பக்கவாட்டில் நீட்டுமாறு வைத்து, அவற்றின் தலையில் பழைய லாரி டயர்த் துண்டுகளைப் பொருத்தினோம். வெல்டர் தம்பி இதற்குக் கூலி வாங்கவில்லை. இறக்கிய பிறகு பிளம்பர் அண்ணன் ஏணியில் இறங்கி, போல்ட்டுகளைத் திருகி, ரப்பர் உறையை இறுக அழுத்தும்படி செய்தார். இறங்கும் முன் மெயினை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொண்டோம்; காலி வாளியைப் பலமுறை ஏற்றி இறக்கி உள்ளே காற்றைக் கலக்கினோம்; அவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். ஹோஸை இரண்டு இடங்களில் சங்கிலியோடு சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு முனைக்கும் இரட்டைக் கிளாம்ப் போட்டோம்.

இரண்டாம் முறை சுவிட்சைப் போட்டபோது தொட்டில் லேசாக அதிர்ந்ததோடு சரி. கேஜ் 14 அங்குலம், அதாவது 16 அடி: ஏற்றம் 13, உராய்வு 3. முன்பு 1.4 அடியாக இருந்த உராய்வு இரண்டு மடங்குக்கு மேலானதைப் பார்த்து ஒரு கணம் கவலைப்பட்டேன். பிறகுதான், தண்ணீர் முன்னைவிட வேகமாக வருவதன் அடையாளமே அது என்று புரிந்தது. 17ஆம் நிமிடத்தில் தொட்டி வழிந்தபோது கிணற்று மட்டம் 24 அடிக்கு இறங்கியிருந்தது. முள் 16இல் இருந்தது. கூழாங்கல் ஒலி இல்லை.

மொத்தச் செலவு 9,140 ரூபாய். ஓப்பன்வெல் மோட்டாரின் விலையை ஏறக்குறைய இது தொட்டுவிடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆர்சிசிபியும் கேபிளும் அதற்கும் தேவைப்பட்டிருக்கும் என்பதால் உண்மையான வித்தியாசம் சற்று அதிகம். ஆனாலும் புதிதாக வாங்குகிறவருக்கு நான் ஓப்பன்வெல்லையே சொல்வேன். அதில் உறிஞ்சும் வேலையே இல்லை. ஓடும் நிலையில் மோட்டார் கையில் இருந்ததால்தான் இந்த வழி எனக்குப் பொருந்தியது. மறுபடி செய்வதானால் மூன்றை மாற்றுவேன். கேஜை முதல் நாளே மாட்டுவேன். முள் குறைவாகக் காட்டினால் காற்றுச் சந்து, அதிகமாகக் காட்டினால் ஆழம் அல்லது வால்வு அடைப்பு என்று ஐந்து நிமிடங்களில் தெரிந்திருக்கும், ஏழு வாரங்கள் போயிருக்காது. சக்ஷன் குழாயை ஒன்றரை அங்குலத்தில் போட்டு அந்த 3 அடி உராய்வைக் குறைப்பேன். சட்டத்துக்கு வளையங்களை வைக்கும்போதே ரப்பர் முட்டுகளையும் சேர்த்து வெல்டு செய்யச் சொல்வேன்.

வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. நல்ல மழைக்காலத்தில் எங்கள் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து 8 அடி வரைக்கும் ஏறும்; மோட்டார் இருப்பது 9 அடியில். ஆகவே 12ஆவது அடியில் உறையின் உட்புறத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும் நாளில் கப்பிகளை மாட்டி மோட்டாரை மேலே ஏற்ற வேண்டும். இப்போது மட்டத்தை அளக்கக் கயிறும் டப்பாவும் தேவைப்படுவதில்லை. கேஜைப் பார்த்து, 1.13ஆல் பெருக்கி, உராய்வுக்கு 3 அடியைக் கழித்து, 9ஐக் கூட்டினால் போதும். ஆற்றில் தண்ணீர் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. நேற்று மாலை முள் பத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. கிணற்றில் மட்டம் 17 அடி. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் ஐந்து அடி இருக்கிறது.